இருபத்தைந்து ஆண்டு வாக்குறுதி

மிக்ஸிக்கு இரண்டு ஆண்டு. செல்போனுக்கு ஓர் ஆண்டு. செருப்புக்கு, கடைக்காரர் நல்ல மனநிலையில் இருந்தால், மூன்று மாதம். இந்தக் கணக்குக்குப் பழகிவிட்ட இந்திய நுகர்வோரிடம், உள்ளங்கையில் அடங்கும் ஓர் எஃகுச் சாமானைக் காட்டி "இதற்கு 25 ஆண்டு வாரண்டி" என்றால் முதலில் சிரிப்புத்தான் வரும். இன்னொன்றைக் காட்டி "இதற்கு ஆயுட்கால உத்தரவாதம்" என்றால் உடனே கேள்வி வரும்: யாருடைய ஆயுள்?

கேள்வி நியாயமானது. குறடு, கத்தி, திருப்புளி, அரம், கத்தரிக்கோல், டப்பா திறப்பான் எல்லாம் மடங்கி ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும் மல்டிடூல், ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவின் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. இன்று லடாக் கிளம்பும் மோட்டார் சைக்கிள்காரர், கேபிள் டெக்னீஷியன், போட்டோகிராபர், மலையேறப் போகும் கல்லூரி மாணவர் எனப் பலரது இடுப்பில் அது தொங்குகிறது. பெயர் பெற்ற கம்பெனியின் அசல் சரக்கு பல ஆயிரம் ரூபாய். அதே உருவம் நடைபாதைக் கடையில் சில நூறு ரூபாய். இரண்டு பெட்டிகளிலும் உத்தரவாதம் பற்றி ஏதோ ஒரு வாசகம் இருக்கும். வாங்குபவர் கொடுக்கும் அந்தக் கூடுதல் பணம் எஃகுக்கா, வாசகத்துக்கா?

இரண்டுக்கும்தான். ஆனால் எஃகைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். வாசகத்தைப் பார்க்க முடிவது கருவி உடைந்த அன்றுதான்.

மலிவுச் சரக்கோடு மல்லுக்கட்டுவது இந்தத் தொழிலில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஷ்விஸ் மாகாணத்தில் உள்ள இபாக் என்ற சிற்றூரில் கார்ல் எல்சனர் 1884ல் கத்திப் பட்டறை தொடங்கினார். 1891ல் ஸ்விஸ் ராணுவத்துக்கு மடக்குக் கத்தி சப்ளை செய்தார். மரப்பிடி போட்ட அந்தக் கத்தியில் இருந்தவை நான்கே: வெட்டும் அலகு, குத்தூசி, டப்பா திறப்பான், துப்பாக்கியைப் பிரித்துப் பூட்ட ஒரு திருப்புளி. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத் தொழிற்சாலைகள் அதையே மலிவாகச் செய்து கொடுத்தபோது எல்சனர் கடனில் மூழ்கும் நிலை வந்தது. அவரைக் காப்பாற்றியது 1897ல் அவர் பதிவு செய்த அதிகாரிகளுக்கான கத்தி. இன்னும் சில கருவிகள், ஆனால் எடை குறைவு. தாய் விக்டோரியா 1909ல் இறந்த பிறகு அவர் பெயரையே சரக்குக்கு வைத்தார். 1921ல் எளிதில் துருப்பிடிக்காத எஃகு வந்தபோது, அதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது.

ஸ்விஸ் கத்தியில் இல்லாதது ஒரு நல்ல குறடு. அந்தக் குறை உறுத்தியது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டிம் லெதர்மேனுக்கு. 1975ல் அவரும் மனைவி சாவும் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார்கள். கார் அடிக்கடி மக்கர் செய்தது. தங்கிய மலிவு ஓட்டல்களில் குழாய்கள் ஒழுகின. சட்டைப் பையில் இருந்த சாரணர் கத்தி ரொட்டி வெட்ட உதவியதே தவிர, நட்டைத் திருக உதவவில்லை. ஊர் திரும்பியதும் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்து ஆரம்பித்த வேலை, மாதிரி வடிவத்துக்கு மட்டும் மூன்று ஆண்டுகள் இழுத்தது. 1980ல் காப்புரிமை கிடைத்தது. வாங்க ஆள் கிடைக்கவில்லை. கத்திக் கம்பெனிகளுக்கு அது கத்தியாகத் தெரியவில்லை. டூல் கம்பெனிகளுக்கு அது விளையாட்டுச் சாமானாகத் தெரிந்தது. கடைசியில் 1983ல் நண்பர் ஸ்டீவ் பெர்லினருடன் சேர்ந்து தானே கம்பெனி தொடங்கினார். முதல் பெரிய ஆர்டர், தபால் வழி வியாபாரம் செய்த கபேலாஸ் நிறுவனத்திடமிருந்து: 500. ஆண்டுக்கு 4,000 விற்றால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தவர்கள், முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 30,000 விற்றார்கள்.

ஒரு சரக்கு ஓடினால் அதன் நகல்களும் ஓடும். 1996 ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த ஹார்டுவேர் கண்காட்சியில், கூப்பர் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெரிய நிறுவனம் 'டூல்சால்' என்ற போட்டிச் சரக்கை அறிமுகம் செய்ய வந்தது. விளம்பரத்துக்குப் படம் வேண்டும், சரக்கு தயாராகவில்லை. லெதர்மேன் கருவி ஒன்றை எடுத்து, பிடியில் இருந்த பெயரைத் தேய்த்து அழித்து, தங்கள் ஆணிகளைப் பொருத்தி, மிச்சம் மீதியைப் படத்தில் திருத்தி, அதையே தங்கள் சரக்கென்று போஸ்டரிலும் அட்டைப் பெட்டியிலும் போட்டார்கள். லெதர்மேன் வழக்குப் போட்டது. ஜூரி இழப்பீடாகக் கொடுத்தது 50,000 டாலர். தண்டனையாக விதித்தது 45 லட்சம் டாலர். வழக்கு 2001ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், தண்டனைத் தொகையை மேல் முறையீட்டு நீதிமன்றம் புதிதாக ஆராய வேண்டும் என்ற தீர்ப்போடு திரும்பியது. 2002ல் தண்டனை 5 லட்சம் டாலராகக் குறைந்தது.

இந்த வழக்கில் கடைவீதிக்கு வேண்டிய பாடம் வேறொன்று. கருவியின் தோற்றம் அதன் பயன்பாட்டிலிருந்து வருவது; அந்தத் தோற்றத்துக்கு லெதர்மேன் தனியுரிமை கோர முடியாது என்றும் மேல் முறையீட்டு நீதிமன்றம் 1999ல் சொல்லிவிட்டது. அதாவது, உருவத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அடுத்தவர் சரக்கின் படத்தைக் காட்டித் தன் சரக்கை விற்கத்தான் கூடாது. எனவே ஒரே மாதிரி இருக்கின்றன என்பதை வைத்து இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள வாங்குபவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

படம் போட்டு ஏமாற்றியதாக வழக்காடிய லெதர்மேனும் வாசக விஷயத்தில் சுத்தமாக வெளியே வரவில்லை. சில பாகங்கள் வெளிநாட்டில் செய்யப்பட்டிருந்தும் 'அமெரிக்கத் தயாரிப்பு' என்று பொறித்து விற்றது கலிபோர்னியா சட்டத்தை மீறிய செயல் என்பதை, அந்த மாநில மேல் முறையீட்டு நீதிமன்றம் 2006ல் உறுதி செய்தது. நுகர்வோருக்குத் திருப்பித் தரக் கீழ் நீதிமன்றம் போட்ட தொகைக்கணக்கை மட்டும் அது ஏற்கவில்லை. நல்ல சரக்கு செய்பவர்களின் பெட்டியையும் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சரி, எஃகுக்கு வருவோம். விலை கூடிய மல்டிடூலில் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு பதம். விக்டோரினாக்ஸ் கத்தியில் வெட்டும் அலகின் கடினம் ராக்வெல் அளவையில் 56. அதைத் தாங்கும் ஸ்பிரிங் 49. அலகு கடினமாக இருந்தால்தான் கூர் நிற்கும். ஸ்பிரிங் சற்று மென்மையாக இருந்தால்தான் ஆயிரக்கணக்கான முறை வளைந்தும் முறியாது. நகல் சரக்கில் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுதான். கத்தி இரண்டு கயிற்றை அறுத்ததும் மழுங்கும். திருப்புளி முனை திருகாணியோடு சேர்ந்து தானும் முறுக்கிக்கொள்ளும். அதிகக் கடினமும் வரமல்ல. கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் சாணை பிடிப்பவர் திணறுவார், நெம்பினால் முனை தெறிக்கும்.

உடையும் இடங்கள் எல்லாக் கம்பெனிக்கும் ஏறக்குறைய ஒன்றே. குறட்டின் மெல்லிய மூக்கு நெம்புகோலாகப் பயன்படும்போது முறிகிறது. கம்பி வெட்டும் விளிம்பில் கடினமான ஸ்பிரிங் கம்பி பல் போடுகிறது. கத்தி முனையைப் பெயிண்ட் டப்பா திறக்கப் பயன்படுத்தியவர் முனையில்லாத கத்தியோடு வீடு திரும்புகிறார். பிடிகளை இணைக்கும் மூட்டு நாளடைவில் ஆட ஆரம்பிக்கிறது. சிறிய கத்தரிக்கோலின் ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் முன்பே போய்விடுகிறது.

இதில் இந்திய வீடுகளுக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. மல்டிடூல் தலை முதல் கால் வரை உலோகம். நாசிக்கில் தயாராகும் டபாரியா கட்டிங் பிளேயரின் பிடியில் இருப்பது போன்ற உறை இதில் கிடையாது. 230 வோல்ட் ஓடும் வயரை இதனால் வெட்டினால் விளிம்பில் ஓட்டை விழுவது சின்ன நஷ்டம். உயிர் போவது பெரிய நஷ்டம். எந்த வாரண்டியும் இரண்டையும் ஈடு செய்யாது.

அடுத்த எதிரி உப்புக் காற்று. ஸ்டெயின்லெஸ் என்ற சொல்லை 'துருவே பிடிக்காதது' என்று புரிந்துகொள்வதில்தான் தவறு. எஃகில் கலந்த குரோமியம் மேலே ஒரு மெல்லிய படலம் போடுகிறது. உப்பு அந்தப் படலத்தைத் துளைக்கும். சென்னை, மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் வாசிகளின் கருவியில் மூட்டுகளுக்குள் பழுப்புப் புள்ளிகள் தோன்றுவது இதனால்தான். வியர்வையும் அதே வேலையைச் செய்யும். நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மூட்டுக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டால் போதும். சமையல் எண்ணெய் வேண்டாம். நாளானால் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்த்துக்கொள்ளும்.

உடைவதை ஒப்புக்கொள்வதும் தரத்தின் அடையாளம்தான். 1983ல் வந்த முதல் லெதர்மேன் கருவி ரிவெட் அடித்து மூடியது; உரிமையாளர் பிரிக்க முடியாது. பின்னால் வந்த மாடல்கள் பலவற்றில் திருகாணி வந்தது. 2018ல் வந்த 'வேவ் பிளஸ்' மாடலில், தேய்ந்துபோகும் கம்பி வெட்டும் விளிம்பை மட்டும் கழற்றி மாற்றலாம். ஒரு பகுதி தேயும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கு வழி செய்வது, என்றைக்கும் தேயாது என்று பெட்டியில் அச்சடிப்பதைவிட நேர்மையானது.

உத்தரவாதத்தின் சின்ன எழுத்துகளுக்கு வருவோம். லெதர்மேன் தருவது 25 ஆண்டு வரம்புக்குட்பட்ட உத்தரவாதம். கம்பெனியின் விருப்பப்படி பழுது பார்த்துத் தரும், அல்லது மாற்றுக் கருவி தரும். உறை, வண்ணப் பூச்சு போன்றவை இதில் சேராது. தவறான உபயோகமும் சேராது. விக்டோரினாக்ஸ் தருவது உலோகத்திலும் வேலைப்பாட்டிலும் உள்ள குறைகளுக்கு ஆயுட்கால உத்தரவாதம். மின்னணுப் பாகம் இருந்தால் அதற்கு மட்டும் இரண்டு ஆண்டு. வழக்கமான தேய்மானமும் முரட்டு உபயோகமும் சேராது.

ஆக, பெயிண்ட் டப்பா திறந்து முனை போன கத்திக்கு உத்தரவாதத்தில் உரிமை கிடையாது. கம்பெனி பெருந்தன்மையாக மாற்றிக் கொடுத்தால் அது பெருந்தன்மை மட்டுமே. 'கம்பெனியின் விருப்பப்படி' என்ற இரண்டு சொற்களையும் கவனிக்க வேண்டும். பழுதுக்கு அனுப்பிய கருவியே திரும்பி வரும் என்பதற்கு உறுதி இல்லை. புத்தம் புதிய வேறொன்று வரலாம். பலருக்கு அது லாபம். அப்பா இருபது ஆண்டு பெல்ட்டில் மாட்டியிருந்த, பிடியில் அவர் பெயரின் முதல் எழுத்து கீறியிருக்கும் கருவியை அனுப்பியவருக்கு அது லாபமா? அப்படிப்பட்டவர்கள் அனுப்பும்போதே பழையதையே திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்பது நல்லது. மாற்றித்தான் தர முடியும் என்று பதில் வந்தால், ஆடும் மூட்டோடு அதையே வைத்துக்கொள்ளும் முடிவு அவர்களுடையது.

இந்தியாவில் இன்னொரு முடிச்சு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் கொடுத்த கருவி உடைந்தால் எங்கே அனுப்புவது? கடல் கடந்து அனுப்பும் கூரியர் செலவு, திரும்பி வரும்போது சுங்கத் தொல்லை, கத்தி என்றதும் தயங்கும் கூரியர் அலுவலகம் எல்லாம் சேர்ந்தால் இலவச ரிப்பேர் இலவசமாக இருக்காது. 25 ஆண்டு என்ற எண்ணைவிட, உடைந்த சாமானை வாங்கிக்கொள்ள இந்தியாவில் ஒரு முகவரி இருக்கிறதா என்பதே முக்கியம்.

அந்த முகவரியைக் கேட்கச் சட்டம் துணைக்கு இருக்கிறது. இறக்குமதியான பொட்டலப் பொருள் மேல் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும், அதிகபட்ச விலையும், புகாருக்கான தொடர்பு விவரமும் இருக்க வேண்டும் என்கின்றன எடையளவுச் சட்ட விதிகள். இணையக் கடைகளுக்கான 2020ஆம் ஆண்டு விதிகளும் இறக்குமதியாளர் விவரத்தைக் காட்டச் சொல்கின்றன. நடைபாதைச் சரக்கின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் இந்த இடம் பெரும்பாலும் காலியாக இருக்கும். உத்தரவாதம் அளிப்பவருக்கு முகவரி இல்லையென்றால் உத்தரவாதமும் இல்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிறைவேற்றப்படும் என்று எதிர்பார்க்க நியாயமான வாய்ப்பே இல்லாத வாரண்டி வாக்குறுதியை மக்களிடம் கொடுப்பது முறையற்ற வணிகம். பொருளின் ஆயுளைப் பற்றி, தக்க சோதனை செய்யாமல் உத்தரவாதம் தருவதும் அப்படியே. பில் தர மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. கருவி முறிந்து கையைக் கிழித்துவிட்டால், தயாரித்தவர் யாரென்றே தெரியாத நிலையில், விற்ற கடைக்காரரே பொறுப்பேற்க வேண்டி வரலாம். நுகர்வோர் தன் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம். சில ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்காக வழக்கா என்று சலித்துக்கொள்பவர்கள்தான் முகவரியில்லாத வியாபாரத்துக்கு மூலதனம்.

இதையெல்லாம்விட வலிமையான பாதுகாப்பு, வாங்கும்போது செலவழிக்கும் ஐந்து நிமிடம். குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முனைகள் நேராகச் சந்திக்க வேண்டும். ஒவ்வொரு கருவியையும் நகத்தால் இழுத்துத் திறக்க வேண்டும். ஒன்றை இழுத்தால் பக்கத்தில் உள்ள மூன்றும் கூடவே வந்தால் அது நல்லதல்ல. திறந்த கத்தியை இடவலமாக அசைத்தால் ஆடக்கூடாது. பூட்டு இருந்தால் 'கிளிக்' என்று விழ வேண்டும். பிடியை இறுக்கிப் பார்த்தால் விளிம்பு உள்ளங்கையை அறுக்கக் கூடாது. முதல் லெதர்மேன் கருவிகளின் மேல் இருந்த குறையே அதுதான்.

எந்தக் கம்பெனியின் எந்த அட்டையும் ஈடு செய்யாத இழப்பு ஒன்று உண்டு. இடுப்பில் மாட்டியதை மறந்து விமான நிலையம் போய், பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுப்பது. கைப்பையில் கத்திக்கு அனுமதி இல்லை. செக்‑இன் பெட்டியில்தான் போட வேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வந்த கட்டுப்பாடுகளால் விக்டோரினாக்ஸ் விற்பனையே சரிந்தது. ஆனாலும் அந்தக் கம்பெனி ஆட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. நெருக்கடியில் தன் தொழிலாளியிடம் வாக்குத் தவறாத கம்பெனி, வாடிக்கையாளரிடமும் தவறாது என்று நம்ப அது ஒரு காரணம்.

கடைசியாக, கடைக்காரர் நீட்டும் பில். 25 ஆண்டு உத்தரவாதத்துக்கு இந்தியாவில் ஒரே சாட்சி அதுதான். இப்போது பெரும்பாலான கடைகளில் அதை அச்சடிப்பது சூட்டில் எழுத்து விழும் வழவழப்பான தாளில். பர்ஸில் மடித்து வைத்தால் இரண்டு கோடையில் எழுத்து மறைந்து வெறும் வெள்ளைத் தாள் மிஞ்சும். கருவியைச் சோதிக்கும் முன்பே பக்கத்துக் கடையில் இரண்டு ரூபாய் கொடுத்து அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வது உத்தமம்.